யூரின் கல்ச்சர்: ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பதா, முதலில் மாத்திரையா?

சிறுநீர் எரிகிறது, கால் மணிக்கொரு முறை ஓட வேண்டியிருக்கிறது, போய் உட்கார்ந்தால் நாலு சொட்டுக்கு மேல் வருவதில்லை. இப்படித் தவிக்கும் ஒருவரிடம், சிறுநீரிலுள்ள கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையைச் சொல்லி, "கல்ச்சர் கொடுங்கள், ரிப்போர்ட் வர இரண்டு மூன்று நாள் ஆகும்" என்றால் கோபம்தான் வரும். அதே ஆளுக்கு அதே தொந்தரவு திரும்பத் திரும்ப வந்து, எழுதிக் கொடுத்த மாத்திரை எதுவும் கேட்காமல் போனால், "ஏன் முதலிலேயே கல்ச்சர் பார்க்கவில்லை?" என்று கேட்பார். இரண்டுமே நியாயம்தான்.

கல்ச்சர் தேவையா இல்லையா என்று பொதுவாகக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. யாருக்கு, எந்த நேரத்தில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும். நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: ரிப்போர்ட்டில் என்ன வந்தாலும் சாப்பிடப் போகும் மருந்து மாறாது என்றால் அந்தப் பரிசோதனை வீண். மாறக்கூடும் என்றால் அதைத் தவிர்க்கக் கூடாது.

அறிகுறியை மட்டும் பார்த்து மருந்து தொடங்குவது

இதை அரைகுறை வைத்தியம் என்று நினைப்பவர்கள் உண்டு. எல்லோருக்கும் அப்படிச் சொல்ல முடியாது. கர்ப்பமில்லாத, வேறு நோய் எதுவும் இல்லாத ஒரு பெண்ணுக்குத் திடீரென எரிச்சலும் அடிக்கடி போகும் உந்துதலும் வந்திருக்கின்றன, வெள்ளைப்படுதலோ பிறப்புறுப்பில் அரிப்போ இல்லை என்றால், அது சிறுநீர்த் தொற்றாக இருக்கும் வாய்ப்பு 90 சதவீதத்துக்கும் மேல். கிருமி எது என்பதும் பெரும்பாலும் ஊகிக்கக்கூடியதே. இத்தகைய எளிய தொற்றுகளில் முக்கால்வாசிக்கு மேல் ஈ.கோலை பாக்டீரியாதான் காரணம். நோயும் தெரியும், கிருமியும் ஏறக்குறையத் தெரியும் என்னும்போது கல்ச்சர் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை.

மருந்துகளும் குறுகிய காலத்துக்கானவை. அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் 2011-ல் வெளியிட்ட வழிகாட்டியில் நைட்ரோஃபுரான்டாயின் 5 நாள், கோ-டிரைமாக்சசோல் 3 நாள், ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் ஒரே ஒரு வேளை என்று இருக்கிறது. கல்ச்சர் முடிவு கைக்கு வரும்போது இவற்றில் சில முடிந்தே போயிருக்கும். கோ-டிரைமாக்சசோலுக்கு மட்டும் ஒரு நிபந்தனை உண்டு. அந்த வட்டாரத்துக் கிருமிகளில் 20 சதவீதத்துக்கு மேல் அதற்கு அடங்காதவை என்றால் ஊகத்தில் அதைக் கொடுக்கக் கூடாது. இந்தக் கணக்கு நோயாளிக்குத் தெரியாது, மருத்துவருக்குத்தான் தெரியும். வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை எடுத்து விழுங்குவதும், மருத்துவர் அறிகுறியைக் கேட்டு மருந்து எழுதுவதும் ஒன்றல்ல என்பதற்கு இது ஒரு காரணம்.

இந்த வழிகளை நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2010-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. 309 பெண்களை ஐந்து குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உடனே ஆன்டிபயாடிக். இன்னொன்றுக்கு 48 மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆன்டிபயாடிக். மற்ற மூன்றில் முறையே அறிகுறிகளுக்கு மதிப்பெண் போட்டும், டிப்ஸ்டிக் (சிறுநீரில் நனைத்தால் நிறம் மாறும் பட்டை) பார்த்தும், சிறுநீரை லேபுக்கு அனுப்பியும் முடிவெடுத்தார்கள். ஐந்து குழுக்களிலும் தொந்தரவு தணிந்த வேகத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபட்டது ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களின் எண்ணிக்கைதான். உடனே கொடுத்த குழுவில் 97 சதவீதம், டிப்ஸ்டிக் குழுவிலும் லேப் குழுவிலும் 80 சதவீதத்தை ஒட்டி, பொறுத்துப் பார்த்த குழுவில் 77 சதவீதம். ஆனால் மருந்தைத் தொடங்க 48 மணி நேரமோ அதற்கு மேலோ காத்திருந்தவர்களுக்குத் தொந்தரவு சராசரியாக 37 சதவீதம் கூடுதல் காலம் நீடித்தது. எளிய தொற்றில் கல்ச்சர் ரிப்போர்ட்டுக்காக மருந்தை நிறுத்திவைத்தால் நோயாளிக்குக் கூடுதல் எரிச்சல்தான் மிச்சம் என்று இதை எடுத்துக்கொள்கிறேன்.

வலி நிவாரணியோடு மட்டும் சமாளிப்பதும் ஒரு வழிதான். ஜெர்மனியில் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், ஐபுப்ரோஃபென் மட்டும் எடுத்த பெண்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஆன்டிபயாடிக் இல்லாமலே தேறினார்கள். ஆனால் அவதி அதிகம், சிறுநீரகம் வரை தொற்று ஏறியவர்களும் அந்தப் பக்கத்தில்தான் கூடுதல். லேசான தொந்தரவு, மருத்துவரோடு தொடர்பு, இரண்டும் இருந்தால் யோசிக்கலாம். காய்ச்சலோ விலாவில் வலியோ இருந்தால் பேச்சுக்கே இடமில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஐபுப்ரோஃபெனே ஆகாது.

டிப்ஸ்டிக், பஸ் செல்ஸ்

டிப்ஸ்டிக்கின் பலம் வேகம். இரண்டு நிமிடத்தில் இரண்டு விஷயம் சொல்லும்: வெள்ளணுக்கள் இருக்கின்றனவா, நைட்ரைட் இருக்கிறதா. சிறுநீரில் இருக்கும் நைட்ரேட்டை ஈ.கோலை போன்ற பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். அடிக்கடி சிறுநீர் கழிப்பவருக்கு அது பையில் தங்குவதே இல்லை. ஆகவே நைட்ரைட் தென்பட்டால் தொற்று என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம், தென்படாவிட்டால் இல்லை என்று சொல்ல முடியாது. என்டரோகாக்கஸ் போன்ற சில கிருமிகள் நைட்ரைட்டை உண்டாக்குவதே இல்லை.

சாதாரண யூரின் பரிசோதனையில் வரும் பஸ் செல்ஸும் (சிறுநீரில் தென்படும் வெள்ளணுக்கள்) அப்படித்தான். அழற்சி இருக்கிறது என்று மட்டும் அது காட்டும். கிருமி எது, எந்த மருந்துக்கு அடங்கும் என்பது அதில் வராது. பஸ் செல்ஸ் கொஞ்சம் கூடியிருப்பதை மட்டும் பார்த்து ஆன்டிபயாடிக் தொடங்குவது தேவையில்லாத மருந்துக்கு மிகச் சுலபமான வழி.

கல்ச்சர் என்ன சொல்கிறது

லேபில் நடப்பது இதுதான். ஒரு மைக்ரோலிட்டர் அளவு பிடிக்கும் மெல்லிய வளையத்தால் சிறுநீரைத் தொட்டு, அகார் தட்டில் (பாக்டீரியா வளர ஏற்ற ஊட்டக்கூழ் உள்ள தட்டு) இழுப்பார்கள். உடல் சூட்டை ஒட்டிய வெப்பத்தில் 18 முதல் 24 மணி நேரம் வைப்பார்கள். தட்டில் முளைத்த காலனிகளை எண்ணி, ஒரு மில்லிலிட்டரில் எத்தனை என்று கணக்கிடுவார்கள். அந்தக் காலனியை எடுத்து மருந்துகளோடு மோதவிட்டுப் பார்ப்பதுதான் சென்சிட்டிவிட்டி. அதற்கு இன்னொரு நாள். ரிப்போர்ட்டுக்கு இரண்டு நாள் ஆவது லேபின் சுணக்கத்தால் அல்ல, பாக்டீரியா வளர எடுக்கும் நேரம் அது.

ரிப்போர்ட்டில் எல்லோரும் தேடும் எண் ஒரு லட்சம். 1950-களில் அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் காஸ், வெளித்தோலிலிருந்து கலந்துவிட்ட பாக்டீரியாவையும் சிறுநீர்ப்பையில் உண்மையிலேயே வளர்வதையும் பிரித்துப் பார்க்க வகுத்த எல்லை அது. நாளடைவில் அது கல்வெட்டு மாதிரி ஆகிவிட்டது. தெளிவான அறிகுறிகள் உள்ள பெண்ணுக்கு ஈ.கோலை ஆயிரமோ, சில சமயம் நூறோ மட்டும் வளர்ந்தாலும் அது உண்மையான தொற்றாக இருக்கலாம் என்று 1980-களிலிருந்தே ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எதிர்ப்பக்கமும் உண்டு. அறிகுறியே இல்லாதவருக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வளர்ந்தாலும் அது பெரும்பாலும் நோய் இல்லை. ஆக எண்ணை அறிகுறியோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

"மிக்ஸ்டு க்ரோத்", அதாவது மூன்று நான்கு வகைக் கிருமி கலந்து வளர்ந்திருக்கிறது என்று வந்தால், பெரும்பாலும் சாம்பிள் சரியாகப் பிடிக்கப்படவில்லை என்று பொருள். அதற்கு மருந்து சாப்பிடக் கூடாது, தேவை இருந்தால் மறுபடி சாம்பிள் கொடுக்க வேண்டும். முதலில் வரும் கொஞ்சத்தை விட்டுவிட்டு நடுப்பகுதியைப் பிடிக்கச் சொல்வது இதனால்தான். பிடித்த பிறகு நேரமும் முக்கியம். சாதகமான சூழலில் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகக்கூடியது. அந்த வேகத்தில் போனால் ஆயிரம், இரண்டு மணி நேரத்தில் 64 ஆயிரமாகிவிடும். ஆகவே இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேர்க்க வேண்டும், முடியாவிட்டால் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். போரிக் அமிலம் போட்ட குப்பி கொடுத்திருந்தால் கோடு வரை நிரப்ப வேண்டும். குறைவாக நிரப்பினால் அமிலம் அடர்ந்து கிருமியையே கொன்றுவிடும், ரிப்போர்ட்டில் "வளர்ச்சி இல்லை" என்று வரும்.

கைக்குழந்தைகளுக்கு ஒட்டும் பையில் பிடித்த சிறுநீரில் எதுவும் வளராவிட்டால் நம்பலாம். வளர்ந்தால் நம்ப முடியாது, கதீட்டர் (சிறுநீர்ப்பைக்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) வழியாகவோ வேறு சுத்தமான முறையிலோ எடுத்து உறுதி செய்ய வேண்டும்.

சாம்பிள் முதலில், மாத்திரை அப்புறம்

பலர் மனதில் இது ஒன்றா இரண்டா என்ற போட்டியாக இருக்கிறது: கல்ச்சர் என்றால் காத்திருப்பு, மாத்திரை என்றால் கல்ச்சர் இல்லை. நடுவில் இருக்கும் வழிதான் பெரும்பாலான சிக்கலான நோயாளிகளுக்குச் சரியானது. சாம்பிளைக் கொடுத்துவிட்டு, அதே மணி நேரத்தில் ஊக மருந்தைத் தொடங்குவது, இரண்டு மூன்று நாளில் ரிப்போர்ட் வந்ததும் மருந்தைத் தொடர்வதா, மாற்றுவதா, நிறுத்துவதா என்று முடிவெடுப்பது.

இதில் வரிசை மாறினால் எல்லாம் கெட்டது. ஆன்டிபயாடிக் ஒரு வேளை உள்ளே போனாலே சிறுநீரில் அதன் செறிவு ஏறிவிடும், கல்ச்சரில் எதுவும் வளராமல் போகலாம். மூன்று நாள் மாத்திரை சாப்பிட்டுக் கேட்காமல், பிறகு சாம்பிள் கொடுப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது. பஸ் செல்ஸ் நிறைய, வளர்ச்சி இல்லை. கிருமி செத்துவிட்டதா, அடங்கியிருக்கிறதா, தொற்றே இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. ஏற்கெனவே மருந்து எடுத்திருந்தால் அதன் பெயரையும் கடைசியாக எடுத்த நேரத்தையும் லேபிலும் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். மறைப்பதில் ஒரு லாபமும் இல்லை.

யாரெல்லாம் இந்த நடு வழியில் வருகிறார்கள்? கர்ப்பிணிகள், ஆண்கள், குழந்தைகள். காய்ச்சல், குளிர் நடுக்கம், விலா வலி, வாந்தி உள்ளவர்கள் எல்லோரும். ஆறு மாதத்தில் இரண்டு முறை, அல்லது ஓராண்டில் மூன்று முறை தொற்று வந்தவர்கள். மருந்து எடுத்தும் தணியாதவர்கள், முடித்த சில வாரங்களிலேயே திரும்ப வந்தவர்கள். சிறுநீரகக் கல், கதீட்டர், மாற்றுச் சிறுநீரகம், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, அண்மையில் மருத்துவமனையில் தங்கியது அல்லது ஆன்டிபயாடிக் எடுத்தது, முன்பு ஒருமுறை அடங்காத கிருமி வளர்ந்தது. இவர்களிடம் கிருமி எது என்பதும் ஊகிக்க முடியாது, எதற்கு அடங்கும் என்பதும் ஊகிக்க முடியாது. கல்ச்சர் தன் வேலையைக் காட்டும் இடம் இது. காய்ச்சலும் நடுக்கமும் உள்ளவர் ரிப்போர்ட்டுக்காக ஒரு நாள்கூட மருந்தில்லாமல் இருக்கக் கூடாது.

சென்சிட்டிவிட்டி பட்டியலைப் படிப்பது

கல்ச்சர் கொடுப்பதில் நடக்கும் தவறைவிட, வந்த ரிப்போர்ட்டைப் படிப்பதில் நடக்கும் தவறு அதிகம் என்பது என் கருத்து.

பரிசோதனை முறை இரண்டு. ஒன்று, அகார் தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி, மருந்து ஊறிய வட்டத் தாள்களை அதன் மேல் வைப்பது. இது கிர்பி-பாயர் முறை, 1966-ல் முறைப்படுத்தப்பட்டது. தாளைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பார்கள். மற்றொன்று எம்.ஐ.சி. கிருமியின் வளர்ச்சியை நிறுத்தத் தேவையான மிகக் குறைந்த மருந்துச் செறிவைக் கண்டுபிடிப்பது. பெரிய லேப்களில் இதைத் தானியங்கிக் கருவியே செய்யும். சாதாரண சிறுநீர்த் தொற்றுக்கு டிஸ்க் முறையே போதும். எம்.ஐ.சி. இருந்தால்தான் ரிப்போர்ட் தரமானது என்று அலைய வேண்டியதில்லை. பல மருந்துக்கு அடங்காத கிருமி, ஊசி மருந்தின் அளவைக் கணக்கிட வேண்டிய நிலை என்றால் அந்த எண் உதவும்.

எம்.ஐ.சி. எண்ணோடு வரும் பெரிய பொறி, மருந்துகளை அதை வைத்து வரிசைப்படுத்துவது. சிப்ரோஃப்ளாக்சசினுக்கு 0.25, நைட்ரோஃபுரான்டாயினுக்கு 16 என்று இருந்தால், முதலாவது 64 மடங்கு வலுவானது என்று தோன்றும். அப்படி இல்லை. ஒவ்வொரு மருந்துக்கும் தனி எல்லை உண்டு. உடலில் அது எவ்வளவு சேர்கிறது என்பதைப் பொறுத்து வகுத்தது. இரண்டுமே அதனதன் எல்லைக்குள் இருந்தால் இரண்டுக்கும் எஸ் குறிதான் (கிருமி அந்த மருந்துக்கு அடங்கும் என்று பொருள்), அங்கே போட்டி முடிந்தது. வட்டத்தின் அளவுக்கும் இதே பதில். ஐ என்ற குறியையும் "பாதிதான் வேலை செய்யும்" என்று படிக்க வேண்டாம். அளவைக் கூட்டிக் கொடுத்தால் கேட்கும் என்பதே அதன் பொருள் என்று ஐரோப்பிய அமைப்பான யூகாஸ்ட் 2019-லிருந்து வரையறுத்திருக்கிறது.

எஸ் என்று இருப்பதாலேயே ஒரு மருந்து பொருந்திவிடாது. நைட்ரோஃபுரான்டாயின் சிறுநீரில் நன்றாகச் சேரும், ஆனால் சிறுநீரகத் திசுவிலும் ரத்தத்திலும் போதிய அளவு சேராது. ஆகவே சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு அருமையான மருந்து, காய்ச்சலோடு வரும் சிறுநீரகத் தொற்றுக்கு உதவாத மருந்து. ரிப்போர்ட் இரண்டு பேருக்கும் எஸ் என்றுதான் காட்டும். கர்ப்பத்தின் இறுதி நாட்களில் அதைத் தவிர்ப்பார்கள், சிறுநீரகச் செயல்பாடு வெகுவாகக் குறைந்தவர்களுக்கும் கொடுப்பதில்லை. இந்த விவரம் எதுவும் லேப் தாளில் இருக்காது. நோயாளியின் மற்ற கதை லேபுக்குத் தெரியாது.

சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் போன்றவை பட்டியலில் எஸ் என்று நின்றாலும் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும். தசைநார், நரம்புப் பாதிப்புகளைக் காரணம் காட்டி, எளிய சிறுநீர்த் தொற்றில் வேறு வழி இருக்கும்போது இவற்றைக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-ல் எச்சரித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டிலும் நைட்ரோஃபுரான்டாயினும் கோ-டிரைமாக்சசோலும் முதலில் எடுக்க வேண்டிய வகை, சிப்ரோஃப்ளாக்சசின் கண்காணித்துக் கொடுக்க வேண்டிய வகை. பட்டியலின் கீழே மெரோபெனம் போன்ற ஊசி மருந்துகளுக்கு எஸ் என்று இருப்பதைப் பார்த்து, "அதையே போட்டுவிடலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. வேலை செய்யும் மருந்துகளில் மிகக் குறுகிய வீச்சுள்ளதை, வாயால் எடுக்கக்கூடியதைத் தேர்ந்தெடுப்பதுதான் நல்ல மருத்துவம். சில லேப்கள் முதல் நிலை மருந்துகள் வேலை செய்தால் மற்றவற்றை ரிப்போர்ட்டில் காட்டுவதே இல்லை. பட்டியல் சின்னதாக இருக்கிறது என்று குறைபட வேண்டாம், வேண்டுமென்றேதான் அப்படிச் செய்கிறார்கள்.

ரிப்போர்ட்டில் ஆர் (கிருமி அடங்காது) என்று வந்த மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் ஏற்கெனவே குணமாகியிருந்தால்? நடக்கும். சிறுநீரில் மருந்து அதிகச் செறிவில் சேர்வதும், உடல் தானே சரிசெய்துகொள்வதும் காரணம். தொந்தரவு முழுக்கப் போயிருந்தால் பல மருத்துவர்கள் மருந்தை மாற்றாமல் விடுவார்கள். கர்ப்பிணிக்கும் காய்ச்சல் இருந்தவருக்கும் அப்படி விட மாட்டார்கள்.

கல்ச்சரே வேண்டாத இடம்

அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு. இதற்கு விதிவிலக்கு இரண்டே: கர்ப்பிணிகள், சிறுநீர்ப் பாதையில் ரத்தம் வரக்கூடிய அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்கள். கர்ப்பிணிக்கு அறிகுறியில்லாத பாக்டீரியாகூடச் சிறுநீரகத் தொற்றாக மாறக்கூடும் என்பதால் ஆரம்ப மாதங்களிலேயே ஒரு கல்ச்சர் பார்ப்பது வழக்கம். மற்றபடி முதியவர்களிடம், அதுவும் பராமரிப்பு இல்லங்களில் இருப்பவர்களிடம், எந்தத் தொந்தரவும் இல்லாமலே சிறுநீரில் பாக்டீரியா இருப்பது சர்வசாதாரணம். நீண்ட நாள் கதீட்டர் வைத்திருப்பவருக்கு ஏறக்குறைய எப்போதும் இருக்கும். சிறுநீர் கலங்கலாக இருக்கிறது, வாடை அடிக்கிறது என்பதற்காக மட்டும் கல்ச்சர் அனுப்பினால் பாசிட்டிவ் என்று வரும், வந்ததைப் பார்த்து மருந்து கொடுப்பார்கள், அடுத்த முறை அடங்காத கிருமி வளரும். குணமான பிறகு "சரியாகிவிட்டதா" என்று உறுதி செய்யும் கல்ச்சரும் கர்ப்பிணிகளைத் தவிர மற்றவர்களுக்குப் பொதுவாகத் தேவையில்லை.

வேகமான புதிய வழிகள்

பி.சி.ஆர். முறை சில மணி நேரத்தில் கிருமியின் மரபணுவைக் காட்டும். செத்த பாக்டீரியாவையும், சும்மா குடியிருப்பதையும் சேர்த்துக் காட்டிவிடுவது அதன் பலவீனம். எதிர்ப்பு மரபணு இருப்பதும் மருந்து தோற்பதும் எப்போதும் ஒன்றாக அமைவதில்லை. எளிய தொற்றுக்கு அதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். நம்பிக்கை தருவது இன்னொரு வகை: 2024-ல் பிரிட்டனின் லாஞ்சிட்யூட் பரிசை வென்ற பி.ஏ.-100 என்ற கருவி, பாக்டீரியா இருக்கிறதா என்பதைக் கால் மணி நேரத்திலும், எந்த மருந்துக்கு அடங்கும் என்பதை முக்கால் மணி நேரத்துக்குள்ளும் சொல்லிவிடுகிறது. இப்படிப்பட்டது மருத்துவர் மேசையிலேயே வந்துவிட்டால், மேலே சொன்ன ஒப்பீட்டில் பாதி தேவையற்றதாகிவிடும்.

"வளர்ச்சி இல்லை" என்று வந்து, எரிச்சல் மட்டும் நிற்காவிட்டால்

முதலில் கேட்க வேண்டியது, சாம்பிளுக்கு முன் ஏதாவது மருந்து எடுத்தீர்களா என்பது. இல்லை என்றால், சாதாரணக் கல்ச்சரில் வளராத காரணங்களைத் தேட வேண்டும். கிளமிடியா போன்ற பால்வினைத் தொற்று, பூஞ்சைத் தொற்று, கல், மாதவிடாய் நின்றபின் வரும் திசு வறட்சி. பஸ் செல்ஸ் தொடர்ந்து நிறைய இருந்து கல்ச்சர் திரும்பத் திரும்ப வெறுமையாக வந்தால் சிறுநீரகக் காசநோயையும் நினைக்க வேண்டும், அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு. இன்னொரு சுற்று ஆன்டிபயாடிக் இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பதில் அல்ல.

பழைய கல்ச்சர் ரிப்போர்ட்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். அடுத்த முறை தொற்று வரும்போது, புதிய ரிப்போர்ட் வரும் வரை எந்த மருந்தில் தொடங்குவது என்று மருத்துவர் முடிவெடுக்க, போன முறை வளர்ந்த கிருமியும் அது அடங்காத மருந்துகளின் பெயரும் பெரிதும் உதவும்.